கல் அம்பும் மாமாவின் கரையும்

அப்பாவுக்கு எல்லைகளைப் பற்றித் தெரிந்த அளவுக்கு வேறு எதைப் பற்றியும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் அவருடைய குடும்பம் பக்கத்து வளவுக்காரருடன் ஒரு வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடியது. வேலி அடைக்கும்போது இவர்கள் கதியால் தடியை ஒரு சாண் அந்தப் பக்கம் தள்ளி நடுவார்கள். அடுத்த மாரிக்கு அவர்கள் அதை இந்தப் பக்கம் தள்ளி நடுவார்கள். போர் வந்து இரண்டு வீட்டாரும் ஊரை விட்டு ஓடிய பிறகும் வழக்கு மட்டும் நீதிமன்றத்தில் பத்திரமாக இருந்தது என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்ட வம்சத்தில் வந்த மனிதர், ஜெர்மனிக்கு வந்த இரண்டாம் வருடம் ஓர் ஓடையைப் பார்த்து, இதுதான் எங்கள் மாவட்டத்தின் எல்லை என்று தீர்ப்புச் சொன்னபோது வீட்டில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை.

எல்லை எங்களுக்குத் தேவைப்பட்டது. இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள், தங்களை வைத்திருக்கும் மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் வெளியே கால் வைக்கக் கூடாது. எங்கள் மூவரையும் ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஒரு சிற்றூரின் ஓரத்தில், முன்பு சாப்பாட்டுக் கடையாக இருந்து பிறகு அகதிகள் விடுதியாக மாறிய ஒரு கட்டடத்தில் வைத்திருந்தார்கள். எல்லோரும் அதை ஹைம் என்று சொல்வோம். நாங்கள் வந்து ஒரு வருடம் கழித்து அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா, ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தார். அவரைப் பக்கத்து மாவட்டத்து ஹைமில் போட்டார்கள். கணவன், மனைவி, சின்னப் பிள்ளைகள் என்றால்தான் சட்டத்துக்கு அது குடும்பம். அக்கா தம்பி என்பதெல்லாம் அதற்குள் வராது.

அம்மாவுக்கோ அவர் வெறும் தம்பி அல்ல. மன்னாரில் தாயில்லாத வீட்டில் அம்மாதான் அவரை இடுப்பில் வைத்து வளர்த்தார். கடைசியாகப் பார்த்தபோது மாமா அரைக் காற்சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாராம். இப்போது பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறார், பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஆனால் போக முடியாது. அம்மா போய்வர அனுமதி கேட்டு இரண்டு முறை விண்ணப்பித்தார். போதிய காரணம் இல்லை என்று பதில் வந்தது. மாமா அந்தப் பக்கமிருந்து கேட்டதற்கும் அதே பதில். ஹைமின் நடைபாதையில் தொங்கிய தொலைபேசியில் இரண்டு பேரும் பேசுவார்கள். பேசிவிட்டு வந்து அம்மா சமையலறையில் வெங்காயம் உரிப்பார். கறிக்குத் தேவையோ இல்லையோ வெங்காயம் உரிக்கப்படும்.

அப்பா களவாகப் போய்வரும் ஆள் இல்லை. வேறு சிலர் போனார்கள், வந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பிடிபட்டவர்களும் இருந்தார்கள். எங்கள் அகதி வழக்கு அந்த ஆண்டு நீதிமன்றத்துக்கு வரவிருந்தது. ஒரு சின்னப் பிழை போதும், எல்லாம் கெட்டுப்போகும் என்று அப்பா பயந்தார். அந்தப் பயத்திலும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஊருக்கு வெளியே பெருந்தெரு ஓர் ஓடையைக் கடக்கும் இடத்தில் பாலம் இருந்தது. பாலத்தின் நடுவில் அடுத்த மாவட்டத்தின் பெயர்ப்பலகை. எனவே ஓடைதான் எல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் நாங்கள் நிற்கலாம், அந்தப் பக்கம் மாமா நிற்கலாம், நடுவில் தண்ணீர் ஓடினால் யாருக்கு என்ன?

"எல்லை விசயத்தில எனக்குப் பிழை வராது," என்றார் அப்பா. பாலத்தடியில் கார்கள் போய்வரும் என்பதால், ஓடையோடு கீழே நெடுந்தூரம் நடந்து, புல்வெளிக்கு அப்பால், வில்லோ மரங்கள் மறைத்த ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்தார்.

இவை எதுவும் அப்போது எனக்குச் சொல்லப்படவில்லை. எனக்கு எட்டு வயது. வீட்டில் நல்ல ஜெர்மன் பேசும் ஒரே ஆள் நான்தான். அந்த ஜெர்மனில் என்னென்ன சொல்லித் திரிவேன் என்பது பற்றி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை.

என் தலையில் அந்த நேரம் வேறொன்று ஏறியிருந்தது. பள்ளிக்கூடத்தில் எங்கள் ஆசிரியை ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே பஞ்சின் மேல் ஒரு கல் இருந்தது. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, முக்கோணமாக, ஓரமெல்லாம் சின்னச் சின்னதாகக் கொத்தப்பட்டிருந்தது. இரும்பு என்ற ஒன்றை மனிதர் அறியாத காலத்தில் இங்கே வேட்டையாடியவர்கள் செய்த அம்பின் முனை என்றார் ஆசிரியை. அவருடைய தகப்பனார் சிறுவனாக இருக்கும்போது ஓடையில் குளிக்கப்போய் எடுத்ததாம். பெட்டி மேசை மேசையாக வந்து என்னிடம் சேர்ந்தபோது மற்றப் பிள்ளைகளின் கைச்சூடு அதில் இருந்தது. வாழ்க்கையில் அதுவரை எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. எப்படித் தேடுவது என்று கேட்டேன். ஓடைக் கல்லெல்லாம் தண்ணீரில் உருண்டு மழுங்கியிருக்கும், கூராக ஒன்று அகப்பட்டால் எடுத்துப் பார் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கால் நனைந்தால் காய்ச்சல் வரும் என்று மழைக்குக்கூட வெளியே விடாத அம்மா, "அதுக்கென்ன, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய ஓடைக்குப் போவம்," என்றார். நான் அசந்துபோனேன். ஓடைக்கரையில் சும்மா நிற்கும் வெளிநாட்டுக்காரரை ஊரே கவனிக்கும் என்பதும், கல் பொறுக்கும் ஒரு பிள்ளையோடு நிற்பவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? என் ஆர்வத்தைக் கண்டு பெற்றோர் உருகிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

முதல் ஞாயிறு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எதிர்க்கரையில் ஒரு சைக்கிள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் தாடி வைத்த ஒருவர் நின்றார். மாமாவை எனக்குப் படத்தில்தான் தெரியும். படத்தில் தாடி இல்லை. அம்மா தண்ணீர் விளிம்பு வரை போய் நின்றார். 

"அக்கா, மெலிஞ்சு போனியள்," என்றார் மாமா.

"தாடியை எடு. பாக்கேலாமல் கிடக்கு," என்றார் அம்மா.

அதற்குள் அப்பா நடுவில் புகுந்து விதிகளை அறிவித்தார். ஓடையின் நடுவில் மேசைபோலத் தட்டையாக ஒரு பாறை கிடந்தது. அது ஒருவருக்கும் சொந்தமில்லை. இந்தப் பக்கத்து ஆள் அதுவரை போகலாம், அந்தப் பக்கத்து ஆளும் அதுவரை வரலாம், ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதில் நிற்கக் கூடாது. அப்பா காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, அம்மா சுற்றிக் கட்டிய புட்டையும் தகர ரின் மீனில் வைத்த குழம்பையும் பாறையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அவர் கரையேறிய பிறகு மாமா இறங்கி வந்து எடுத்துக்கொண்டு போனார். அம்மா இந்தக் கரையில் இருந்து பார்க்க, மாமா அந்தக் கரையில் இருந்து சாப்பிட்டார். எங்கள் மாவட்டத்தில் அவித்த புட்டு அடுத்த மாவட்டத்தில் ஒரு சட்டத்தையும் மீறாமல் உண்ணப்பட்டது.

மாமா ஏன் இங்கே வருகிறார் இல்லை என்று நான் கேட்டேன். அதற்கு அப்பா பதில் தயாராக வைத்திருந்தார். கல் அம்பு தேடுவதில் அதுதான் விதி. இந்தக் கரை எங்களுடையது, அந்தக் கரை மாமாவுடையது. அவரவர் கரையில்தான் தேடவேண்டும். கரை மாறித் தேடினால் அம்பு அகப்படாது.

எனக்கு இது மிகவும் நியாயமாகப் பட்டது. அடுத்த நாளே வகுப்பில் என் தோழிகளுக்கும் இந்த விதியைச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களும் நம்பினார்கள்.

அந்தக் கோடை முழுவதும் ஞாயிறுகள் அப்படியே போயின. மழை பெய்தால் மேலிருந்து புதுச் சரளை அடித்து வரும். நான் குனிந்தபடி தேடிக்கொண்டே போவேன். மாமாவும் தன் கரையில் தேடுவார். தேடுவதைவிட அக்காவோடு பேசுவதில்தான் அவருக்கு அதிக கவனம் என்று எனக்கு அவர்மேல் குறை இருந்தது. அவர் கண்டெடுத்துப் பாறையில் வைத்துவிட்டுப் போகும் பொருள்களில் போத்தல் ஓடும், ஓட்டுத்துண்டும், ஒருமுறை கோழி எலும்பும் இருந்தன. நான் இக்கரையில் நின்று, "இது கோழி மாமா," என்று கத்துவேன். அந்தக் காலத்துக் கோழியாக இருக்கும் என்று பதில் வரும்.

அம்மா எனக்காக அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருவதில் அவர்தான் கெட்டிக்காரர். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அம்பை நாங்கள் தொலைக்கவில்லையே, வேறு யாரோ தொலைத்ததை அவர் எங்களுக்கு எடுத்துத் தருவாரா? ஆர் துலைச்சது எண்டு அவர் பாக்கிறேல்லை என்றார் அம்மா. அம்மா மெழுகுதிரி கொளுத்தியது எனக்காக மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மாமா ஏதாவது கோமாளித்தனமாக விசர்க்கதை கதைத்தால், காலடியில் கிடக்கும் குறுணிக் கல் ஒன்றை எடுத்து அவருடைய முழங்காலைக் குறிபார்த்து எறிவார். மன்னாரில், கடலில் குளிக்கப்போய் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்த தம்பியை அப்படித்தான் கரைக்குக் கூப்பிடுவாராம். அந்தக் கோடையில் அம்மா மாமாவைத் தொட்டது அந்தக் கற்களால் மட்டும்தான். எனக்கு அந்த எறிவில் ஒரே ஓர் ஆட்சேபம் இருந்தது. எங்கள் கரைக் கல்லெல்லாம் மாமாவின் கரைக்குப் போய்விடுகிறது.

புரட்டாதி அளவில் தண்ணீர் வற்றிய ஒரு ஞாயிறு. மாமா தன் அறையில் இருப்பவர் குறட்டை விடுவது எப்படி என்று செய்து காட்டிக்கொண்டிருந்தார். அம்மா சிரித்துச் சிரித்து, கையில் அகப்பட்ட ஒரு கல்லை எடுத்து எறிந்தார். மாமா குறட்டையை நிறுத்தி முழங்காலைப் பிடித்தார். விரலில் கொஞ்சம் இரத்தம்.

"என்னக்கா, கத்தியாலேயே எறியிறியள்?" என்று சொல்லிக்கொண்டு அந்தக் கல்லைத் தேடி எடுத்தார். எடுத்தவர் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் அதை உயர்த்திக் காட்டிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அதைப் பாறையில் வைத்துவிட்டு அவர் பின்வாங்கி ஏறும்வரை அப்பா என் தோளைப் பிடித்து வைத்திருந்தார். விட்டதும் பாய்ந்தேன். தேன் நிறத்தில், ஓரம் வாள்போலப் பல்லுப் பல்லாக, அடியில் தடியில் பொருத்துவதற்கு ஒரு சின்ன வளைவோடு, ஆசிரியையின் தீப்பெட்டியில் இருந்ததைவிட அழகாக இருந்தது. எத்தனையோ ஆயிரம் வருடம் மண்ணுக்குள் கிடந்த அம்பு. அதைக் கடைசியாக எய்தவர் என் அம்மா. பட்டவர் என் மாமா. அம்மா அதைப் பார்க்கவே இல்லை. காயத்தில் தண்ணீர் ஊற்று, மண் பட்டிருக்கும் என்று எதிர்க்கரையைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹைமுக்கு வந்ததும் அப்பாவின் நிம்மதி போயிற்று. பழைய காலத்துப் பொருள் எது அகப்பட்டாலும் அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். அதை நான் வீட்டிலும் சொல்லியிருந்தேன். அறிவிக்காவிட்டால் ஒரு சட்டத்தை மீறியதாகும். அறிவித்தால் எங்கே எடுத்தீர்கள், யார் யார் நின்றீர்கள் என்று கேட்பார்கள். பார்க்கப்போனால் அதை எந்தக் கரையில் எடுத்தது என்பதே அப்பாவுக்குச் சிக்கலாக இருந்தது. எங்கள் கரையில் கிடந்தது, எறியப்பட்டு மாமாவின் கரையில் விழுந்தது, பாறை வழியாகத் திரும்பி வந்தது. அவருடைய பரம்பரை வழக்கிலும் இப்படி ஒரு நுட்பம் வந்திருக்காது.

"பேசாமல் திருப்பி ஓடையிலை போட்டுவிடுவம்," என்றார் அம்மா.

"அறிவிக்காமல் விட்டதெண்டு பிறகு தெரியவந்தால்? கேஸ் கிடக்கேக்க?"

"எங்க எடுத்தது எண்டு வந்து பாத்தால்? தம்பியின்ர கேஸும் கிடக்குத்தானே?"

நான் அம்பைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். ஒரு கிழமை இந்த வழக்கு நடந்தது. கடைசியில் அப்பா தீர்ப்புச் சொன்னார். எடுத்தது எங்கள் கரையில். எங்கள் கரையில் நிற்பதற்கு எங்களுக்கு உரிமை இருக்கிறது. எறிந்த கதையை மட்டும் விட்டுவிடலாம். திங்கட்கிழமை வேட்டி கட்டாத குறையாகச் சப்பாத்தை மினுக்கிக்கொண்டு என்னோடு பள்ளிக்கூடம் வந்து, அம்பை ஆசிரியையின் கையில் இரண்டு கையாலும் கொடுத்தார்.

ஆசிரியைக்குத் தெரிந்த ஒருவர் வந்தார். ஓய்வு பெற்ற பல் வைத்தியர். அந்தப் பகுதியில் அகப்படும் பழம்பொருள்களைப் பார்த்து அரசுக்குத் தகவல் கொடுப்பது அவருடைய சம்பளமில்லாத வேலை. ஹைமின் சமையலறையில் எங்களோடு இருந்து, அம்பை வெளிச்சத்துக்கு நேரே, சொத்தை இருக்கிறதா என்று பார்ப்பவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அருமையான அம்பு என்றார். அம்மாவின் தேநீரை இரண்டு கோப்பை குடித்தார். பிறகு அந்த இடத்தைத் தான் பார்க்கவேண்டும், ஞாயிறு பின்னேரம்தான் தனக்கு வசதி என்றார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா அப்பாவைப் பார்த்தார்.

ஞாயிறு வேண்டாம் என்று சொல்லக் காரணம் அகப்படவில்லை. மாமாவுக்கு அறிவிக்க அம்மா இரண்டு நாள் தொலைபேசியோடு நின்றார். அந்தப் பக்கத்து ஹைமின் நடைபாதையில் தொலைபேசியை எடுத்தவர்களுக்கு வேறு வேறு பாசைகள். மாமாவின் பெயரைச் சொன்னால், ஓம் ஓம் என்பதுபோல ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். மாமா வராமல் இருக்கவேண்டும் என்று அம்மா ஞாயிறு பூசையில் கண்ணை மூடி வேண்டியதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். எனக்குக் கோபம் வந்தது. அம்பு கண்டுபிடித்த பெருமையில் மாமாவுக்கும் பங்கு உண்டு, அவர் ஏன் வரக் கூடாது?

அப்படி வேண்டியவர், புறப்படும்போது புட்டையும் குழம்பையும் கட்டி எடுத்துக்கொண்டார்.

புல்வெளியைக் கடந்து போகும்போதே நான் பார்த்துவிட்டேன். மாமா வந்திருந்தார். எங்களோடு ஒரு வெள்ளைக்காரர் தடி ஊன்றிக்கொண்டு வருவதைக் கண்டதும் வில்லோ மரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டார். அவருடைய சைக்கிளின் முன்சில்லு மட்டும் வெளியே தெரிந்தது. நான் கையைத் தூக்கப் போனேன். அப்பா அந்தக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். 

பல் வைத்தியர் எந்தக் கரையில் எடுத்தது என்று கேட்டார். இந்தக் கரை, எங்கள் கரை என்று அப்பா தமிழில் அழுத்திச் சொல்ல, நான் ஜெர்மனில் சொன்னேன். நல்லது, அப்படியென்றால் இதை அடுத்த மாவட்டத்துக்குத்தான் எழுதவேண்டும் என்றார் அவர்.

நான் அதை அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா பொறுமையாகச் சிரித்தார். ஐயாவுக்குக் கணக்குப் பிழைத்துப்போயிற்று, அடுத்த மாவட்டம் அந்தக் கரை, இது எங்கள் மாவட்டம், ஓடைதான் எல்லை என்று மரியாதையாக எடுத்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

பல் வைத்தியரும் பொறுமையாகச் சிரித்தார். பாலத்தடியில் அது சரி என்றார். இங்கே அப்படி இல்லை. தான் சிறுவனாக இருந்த காலத்தில் ஓடை இந்த இடத்தில் ஓடவில்லை, பெரிய வளைவாக வளைந்து உங்கள் ஊர்ப்பக்கமாகப் போனது. வெள்ளம் வருகிறதென்று பிறகு இதை நேராக வெட்டிவிட்டார்கள். தண்ணீரைத்தான் மாற்றினார்கள், எல்லையை மாற்றவில்லை. தடியை நீட்டி எங்களுக்குப் பின்னால் காட்டினார். ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் தாண்டி வந்த, நாணல் முளைத்த ஒரு வறண்ட பள்ளம்தான் பழைய ஓடை. அதுதான் எல்லை. இந்தப் புல்வெளி, இந்தக் கரை, அந்தக் கரை, எல்லாம் அடுத்த மாவட்டம்.

இதையும் நான் சொல் தவறாமல் தமிழில் சொன்னேன். மொழிபெயர்ப்பில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ஆனால் இந்தப் பேச்சு எப்போது முடிந்து மீண்டும் அம்பைப் பற்றிப் பேசுவார்கள் என்றுதான் காத்திருந்தேன்.

"திருப்பிக் கேள் பிள்ளை," என்றார் அம்மா. "வடிவாய்க் கேள். இந்தக் கரையும் அங்காலயோ?"

கேட்டேன். ஓம், இரண்டு கரையும் என்றார்.

அப்பா தன் கால்களைக் குனிந்து பார்த்தார். மாமாவைப் பாறைக்கு இப்பால் வர விடாமல், தானும் பாறைக்கு அப்பால் போகாமல், ஒரு கோடை முழுவதும் சட்டத்தைக் காத்த மனிதர். ஒவ்வொரு ஞாயிறும் சட்டத்தை மீறியவர்கள் நாங்கள் மூவரும்தான். மாமா ஒருநாளும் மீறவில்லை. அவர் நினைத்திருந்தால் தண்ணீரைக் கடந்து வந்து அக்காவின் பக்கத்தில் இருந்து புட்டுச் சாப்பிட்டிருக்கலாம். அவருடைய மாவட்டம்தான். அப்பாவின் முகத்தில் ஒரு தலைமுறை வழக்குத் தோற்றதுபோல இருந்தது.

"இஞ்சரும், வாரும். உடனே அங்கால போவம்," என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டு சாப்பாட்டுப் பையைத் தூக்கினார். என் கையை விட்டுவிட்டுப் பள்ளத்தை நோக்கி நடந்தார். அவருடைய வேகத்தைப் பார்த்தால் யாரோ துரத்துவதுபோல இருந்தது.

அம்மா அசையவில்லை. வில்லோ மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்.

"இவ்வளவு நாளும் பிழை செய்தாச்சு. இனி ஒழுங்காச் செய்திட்டுப் போவம்."

அப்பா பள்ளத்துக்கு அப்பால் நின்று, "இஞ்சரும்," என்று ஒருமுறை கூப்பிட்டார். அம்மா தண்ணீருக்குள் இறங்கியிருந்தார். பூசைக்குக் கட்டிய சேலையைத் தூக்கிப் பிடிக்கக்கூட இல்லை. நடுப்பாறையைச் சுற்றிப் போகாமல் அதன்மேல் ஏறி இறங்கிப் போனார். ஓடை முழங்காலளவு கூட இல்லை, ஆனாலும் அம்மா தடுமாறினார். மாமா மரத்தின் பின்னாலிருந்து வெளியே வந்து, சைக்கிளைத் தட்டி விழுத்திக்கொண்டு தண்ணீருக்குள் ஓடி வந்தார். அம்மா எட்டி அவருடைய தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தார், பிறகு காதை, பிறகு தாடியை. ஏதோ சத்தம் கேட்டது. அது அழுகையா, ஏச்சா என்று இந்தக் கரையிலிருந்து தெரியவில்லை.

பின்னால் காலடி கேட்டது. அப்பா பள்ளத்தைத் தாண்டித் திரும்பி வந்துகொண்டிருந்தார், கையில் பையோடு. தண்ணீர் விளிம்பில் நின்று, "சாப்பாட்டை விட்டிட்டுப் போறீர்," என்றார்.  ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

எனக்கு ஆத்திரம் தாங்க முடியவில்லை. ஒரு கோடை முழுவதும் நான் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். மாமாவின் கரையில் எவ்வளவோ நல்ல சரளை கிடந்தும் ஒருநாளும் அங்கே கால் வைக்கவில்லை. இப்போது அம்மா என்னிடம் ஒரு சொல்லும் கேட்காமல் போய் நிற்கிறார். "அம்மா, அது மாமாவின்ர கரை," என்று கத்தினேன். அம்மா திரும்பவில்லை.

பல் வைத்தியர் என் பக்கத்தில் குனிந்து, அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டார்.

விதியை மீறுகிறார் என்று நான் என் நல்ல ஜெர்மனில் சொன்னேன். இங்கே நிற்பவர்கள் அங்கே போய்த் தேடக் கூடாது, அது எல்லோருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும் என்றேன். அப்பா பக்கத்திலேயே நின்றார். அவருக்கு நான் சொன்னது விளங்கியிருக்காது.

பல் வைத்தியர் அப்பாவைப் பார்த்தார். எதிர்க்கரையைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, உன் அம்மா இப்போது எதையும் தேடவில்லை என்றார்.

 அந்தப் பதில் எனக்குச் சரியாகப் படவில்லை. தேடவில்லை என்றால் அம்மா ஏன் அங்கே போகவேண்டும்?